மூடித் திறந்த மடிக்கணினி பூட்டுத்திரையில் மாட்டிக்கொண்டால்: லினக்ஸில் அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள். மூடிய மடிக்கணினியைத் திறந்ததும் திரை கறுப்பாக நின்றாலோ, பூட்டுத்திரை கடவுச்சொல்லை ஏற்க மறுத்தாலோ, கை முதலில் போகும் இடம் அதுதான். ஆனால் உறங்கிய கணினியில் நீங்கள் திறந்து வைத்த கோப்பு, பாதியில் விட்ட மின்னஞ்சல், உலாவியின் முப்பது டேப் எல்லாம் ரேமில் அப்படியே இருக்கின்றன. பல நேரம் கெட்டிருப்பது பூட்டு மட்டும்தான், வீட்டுக்குள் எல்லாம் சரியாகவே இருக்கும். பொத்தானைப் பிடித்து அணைத்தால் அத்தனையும் போய்விடும். பிழை எங்கே என்ற தடயமும் பாதி அழிந்துவிடும்.

சிங்கப்பூரில் இந்தத் தொல்லை அதிகம் கேட்க இன்னொரு காரணம் உண்டு. இங்கே லினக்ஸ் ஓட்டும் பலர் கையில் இருப்பது அலுவலகங்கள் கழித்துவிட்ட திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வகைகள். அவை விண்டோஸை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டு வந்தவை. காலையில் வீட்டில் மூடி, பெருவிரைவு ரயிலில் பயணம் செய்து, அலுவலகத்தில் திறந்து, மதியம் மறுபடி மூடி என்று ஒரே நாளில் பல முறை உறங்கி எழுபவை. உறக்கத்தில் சிறு கோளாறு இருந்தாலும் வெளியே தெரிந்துவிடும்.

கட்டளைகளைக் கீழே தமிழ் எழுத்தில், ஒலிப்படி தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். ‘சிடிஎல்’ என்று வந்தால் மூன்று எழுத்துகள்தான். எழுத்துக்கூட்டல் ஐயமாக இருந்தால் முதல் நான்கைந்து எழுத்தைத் தட்டி டேப் விசையை இரண்டு முறை அழுத்தினால் கணினியே மீதியைச் சொல்லும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு சோதனை

கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னல் விழித்துவிட்டது என்று பொருள். சிக்கல் அதற்கு மேலே, திரையிலோ பூட்டிலோ இருக்கிறது. விளக்கு அசையவே இல்லை என்றால் கணினி உறக்கத்திலிருந்து முழுதாக எழவில்லை.

அடுத்து கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையும் சேர வேண்டும். வெறும் எழுத்துத் திரை வந்து பெயர் கேட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. உபுண்டுவின் இயல்பான மேசையான (டெஸ்க்டாப்) க்னோமில் உங்கள் மேசைக்குத் திரும்ப எஃப்2, உள்நுழையும் திரைக்கு எஃப்1. மற்ற லினக்ஸ் வழங்கல்களில் (டிஸ்ட்ரோக்களில்) எண் மாறலாம், ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான். இப்படிப் போய்த் திரும்பி வந்ததுமே திரை மறுபடி வரையப்பட்டுப் பூட்டுத்திரை சரியாக வந்துவிடுவதும் உண்டு. அப்படி வந்தால் வேலையைச் சேமித்துவிட்டு, ஓய்வாகக் காரணம் தேடலாம்.

அறிகுறி: திரை கறுப்பு, விளக்கு மட்டும் எரிகிறது

கைத்தொலைபேசியின் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் பூட்டுத்திரை தெரிந்தால் பின்னொளி சுழியத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். வெளிச்சம் கூட்டும் விசையை நாலு தட்டுத் தட்டினால் வரும்.

எதுவும் தெரியவில்லை, ஆனால் கேப்ஸ் லாக் விளக்கு அசைகிறது என்றால் அடுத்த ஐயம் வெளித்திரை. அலுவலகத்தில் மானிட்டரோடு இணைத்திருந்து, உறங்கும்போதே கேபிளைக் கழற்றி வந்திருந்தால், கழற்றிய அந்த மானிட்டரிலேயே கடவுச்சொல் பெட்டி உட்கார்ந்திருக்கலாம். சூப்பர் விசையோடு (விண்டோஸ் குறி உள்ள விசை) பி (P) எழுத்தை அழுத்தினால் திரை மாற்றும் பட்டி வரும். வராவிட்டால் ஏதாவதொரு மானிட்டரையோ தொலைக்காட்சியையோ எச்டிஎம்ஐ கேபிளில் சொருகி எடுங்கள். திரைகளின் கணக்கை அது புதிதாக எடுக்க வைக்கும்.

பழைய எக்ஸ்எஃப்சிஇ மேசையில் லைட்-லாக்கர் என்ற பூட்டு இருக்கும். அது பூட்டுத்திரையைத் தனியொரு முனையத்தில் (எஃப்3 போல விசை அழுத்திப் போகும் தனித் திரையில்) காட்டுவதால், எழும்போது முனையம் மாறத் தவறினால் கறுப்புத்திரைதான். கண்ட்ரோல், ஆல்ட்டோடு எஃப்7, எஃப்8 இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்திப் பாருங்கள். நிலையான தீர்வு அந்தப் பொதியை நீக்கிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ4-ஸ்கிரீன்சேவரைப் போடுவது. லைட்-லாக்கரைச் சீர்படுத்திப் பார்ப்பதில் நேரம் செலவிடத் தேவையில்லை என்பது என் கருத்து.

கேப்ஸ் லாக்கும் அசையவில்லை, எஃப்3-யும் வரவில்லை என்றால்தான் மறுதொடக்கம். அதிலும் பொத்தானுக்கு முன் ஒரு படி இருக்கிறது. ஆல்ட், சிஸ்ஆர்க்யூ இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ் (S), யூ (U), பி (B) என்ற ஆங்கில எழுத்துகளை வரிசையாக, இடைவெளி விட்டு அழுத்துங்கள். சிஸ்ஆர்க்யூ பெரும்பாலும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையிலேயே இருக்கும். புதிய திங்க்பேட் பலவற்றில் எஃப்என்னோடு எஸ். முதலாவது வட்டில் எழுத வேண்டியதை எழுதி முடிக்கும், இரண்டாவது வட்டை வாசிப்புக்கு மட்டும் என்று மாற்றும், மூன்றாவது மறுதொடக்கம் செய்யும். உபுண்டுவில் இந்த மூன்றுக்கும் இயல்பாகவே அனுமதி உண்டு. சில வழங்கல்களில் முதலாவதுக்கு மட்டும்தான். சேமிக்காத கோப்பை இது காப்பாற்றாது, ஆனால் வட்டு சேதப்படாது.

மறுதொடக்கம் முடிந்து உள்ளே வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, போன தடவையின் பதிவைப் பார்ப்பது: சுடோ ஜர்னல்சிடிஎல் -கே --பூட்=-1 --கிரெப்=சஸ்பெண்ட். ‘பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி’ என்று ஒரு வரி இருக்கும், அதில் அடைப்புக்குள் உறக்கத்தின் வகையும் இருக்கும். அதற்கு இணையாக ‘பிஎம்: சஸ்பெண்ட் எக்சிட்’ வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கெர்னல் ஒழுங்காக எழுந்திருக்கிறது, குறை கிராஃபிக்ஸ் டிரைவரிலோ பூட்டிலோ இருக்கிறது. இல்லை என்றால் சிக்கல் இன்னும் கீழே, கெர்னலுக்கும் கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கும் நடுவே. இந்த ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பது தேவையற்ற பரிசோதனைகள் பலவற்றை மிச்சப்படுத்தும்.

எக்சிட் வரி இல்லாதவர்கள் உறக்கத்தின் வகையைச் சோதியுங்கள்: கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப். ‘எஸ்2ஐடில்’, ‘டீப்’ என்ற இரண்டில் சதுர அடைப்புக்குள் இருப்பதே இப்போது நடப்பது. டீப் என்பது பழைய எஸ்3 உறக்கம், ரேம் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் அணைத்துவிடும். எஸ்2ஐடிலில் செயலி மிகக் குறைந்த நிலையில் விழித்தே இருக்கும். இரண்டும் பட்டியலில் இருந்தால் மற்றதற்கு மாறிப் பார்க்கலாம். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் ஈ (E) எழுத்தை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் முடிவில் மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப் என்று சேர்த்து எஃப்10 அழுத்தினால், அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும் அது நடக்கும். ஒரு நாள் முழுக்க மூடித் திறந்து சரியாக இருந்தால் பிறகு /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் நிரந்தரமாக எழுதி, சுடோ அப்டேட்-கிரப் கொடுங்கள். பட்டியலில் டீப் இல்லவே இல்லை என்றால் அந்தக் கணினிக்கு எஸ்3 கிடையாது, வற்புறுத்தாதீர்கள். திங்க்பேட் சிலவற்றின் பயாஸில் ஸ்லீப் ஸ்டேட் என்ற தேர்வு உண்டு. விண்டோஸ் 10 என்று இருப்பதை லினக்ஸ் என்று மாற்றினால் டீப் தோன்றும். பழைய கணினி வாங்கியவர்கள் அதை முதலில் பார்க்கலாம்.

எக்சிட் வரி இருந்தும் திரை வராத இன்டெல் கணினிகளில், ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0 என்பதை அதே கிரப் முறையில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். படம் மாறாதபோது திரைப்பலகை தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை அது நிறுத்துகிறது. மின்கலம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

அறிகுறி: பூட்டுத்திரை வருகிறது, எழுத்துகள் சிதறி வண்ணப் புள்ளிகளாக இருக்கின்றன

என்விடியா. வேறு தேட வேண்டாம். உறங்கும்போது கிராஃபிக்ஸ் அட்டையின் நினைவகத்தில் இருந்தது காக்கப்படவில்லை, எழுந்ததும் குப்பையைக் காட்டுகிறது. என்விடியா-சஸ்பெண்ட், என்விடியா-ரெசூம், என்விடியா-ஹைபர்நேட் என்ற மூன்று சேவைகளும் சிஸ்டம்சிடிஎல் எனேபிள் வழி இயங்க அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். என்விரெக்_பிரிசர்வ்வீடியோமெமரிஅலொகேஷன்ஸ் என்ற அமைப்பு 1 ஆக இருக்க வேண்டும். இந்த நீளமான பெயரில் தொடக்கத்து என், வி இரண்டும் பேரெழுத்து, அடுத்த ரெக் சிற்றெழுத்து, அடிக்கோட்டுக்குப் பின் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பேரெழுத்து. அதன் இப்போதைய மதிப்பு /பிராக்/டிரைவர்/என்விடியா/பாராம்ஸ் கோப்பில் தெரியும். நினைவகத்தை எந்த அடைவில் சேமிக்கிறது என்பதையும் கவனியுங்கள். /டிஎம்பி ரேமிலேயே இருக்கும் வழங்கல்களில் இடம் போதாமல் போகலாம், /வார்/டிஎம்பி என்று மாற்றிவிடுவது நல்லது.

அறிகுறி: சரியான கடவுச்சொல்லைத் தவறு என்கிறது

தமிழில் தட்டுபவர்களுக்கு வரும் வகை ஒன்று இதில் உண்டு. ஆங்கில உதவிப் பக்கங்களில் அது அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழை இரண்டு வழியில் சேர்த்திருக்கலாம். ஒன்று ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாக வரும் தமிழ்99. க்னோமில் கடவுச்சொல் பெட்டி வந்ததும் இது விலகிக்கொள்ளும், தொல்லை இல்லை. மற்றது விசைப்பலகை அமைப்புப் பட்டியலிலிருந்தே நேரடியாகச் சேர்ப்பது. அங்கே ‘தமிழ்நெட் 99’ என்ற பெயரோடு நிற்கும். 1997இல் நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் நடத்திய மாநாட்டுக்குப் பின், 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பெயர் அது. இந்த வகை விலகாது. கடைசியாகத் தமிழில் தட்டிக்கொண்டிருந்தபோது மூடியை மூடினீர்கள் என்றால், திறந்ததும் கடவுச்சொல் தமிழ் எழுத்தில் விழும். திரையில் தெரிவதோ வெறும் புள்ளிகள்.

க்னோமில் கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் கண் வடிவக் குறி இருக்கும். பின்னால் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டு அதை அழுத்தினால் என்ன விழுகிறது என்று தெரிந்துவிடும். மேல் மூலையில் மொழிக்குறியும் இருக்கும். அதைச் சொடுக்கியோ சூப்பர், ஸ்பேஸ் இரண்டையும் அழுத்தியோ ஆங்கிலத்துக்கு மாறுங்கள்.

ஆங்கிலத்திலேயே இன்னொரு பொறி இருக்கிறது. நாம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் ஆங்கிலம் என்பதால் லினக்ஸை நிறுவும்போது விசைப்பலகைக்கும் இங்கிலீஷ் யூகே என்று தேர்ந்தெடுத்துவிடுவார்கள். இங்கே கடையில் விற்கும் மடிக்கணினிகளின் விசைப்பலகையோ பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு. யூகே அமைப்பில் @ குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறிக் கிடக்கும். கடவுச்சொல்லில் @ வைத்திருப்பவர், இரண்டு அமைப்பும் பட்டியலில் இருந்தால், ஒரு நாள் நுழைவார், மறுநாள் வெளியே நிற்பார். பயன்படாத அமைப்பைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதே முழுத் தீர்வு.

எழுத்தெல்லாம் சரி, ஆனாலும் மறுக்கிறது என்றால், அதிலும் ஆர்ச் அல்லது அதன் வழிவந்த வழங்கல் என்றால், தவறான முயற்சிகளை எண்ணும் பாம்_ஃபெயில்லாக் கதவை அடைத்திருக்கும். 15 நிமிடத்துக்குள் 3 முறை தவறினால் 10 நிமிடம் பூட்டு என்பது அதன் இயல்பான விதி. அந்த 10 நிமிடத்தில் சரியான கடவுச்சொல்லும் செல்லாது, எழுத்துத் திரையிலும் செல்லாது. மீண்டும் மீண்டும் தட்டிக்கொண்டிருக்காமல் கீழே போய் ஒரு கோப்பி-ஓ குடித்துவிட்டு வாருங்கள். அவசரம் என்றால், ரூட் (நிர்வாகி) கணக்குக்குக் கடவுச்சொல் வைத்திருப்பவர்கள் எஃப்3 போய் ஃபெயில்லாக் --யூசர் என்பதோடு தங்கள் பெயரும் --ரீசெட் என்பதும் சேர்த்துத் தட்டினால் திறந்துவிடும்.

கணினியை எழுப்ப எண்டர் விசையைப் படபடவென்று தட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. பூட்டு ஏற்கெனவே விழித்திருந்தால் ஒவ்வொரு எண்டரும் வெற்றுக் கடவுச்சொல்லாகப் போய்த் தோல்விக் கணக்கில் சேரலாம். எழுப்புவதற்கு ஷிஃப்ட் விசை போதும்.

அறிகுறி: பூட்டுத்திரை உறைந்து நிற்கிறது, அல்லது பூட்டு உடைந்துவிட்டது என்கிறது

கேடிஇ பிளாஸ்மா என்ற மேசையில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஓர் ஆங்கில அறிவிப்பு வரும்: பூட்டு உடைந்துவிட்டது, திறக்க முடியாது, வேறு முனையத்துக்குப் போய் இந்தக் கட்டளையைக் கொடு. பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும் பிளாஸ்மா இதில் நேர்மையாகத்தான் நடந்துகொள்கிறது. பூட்டுத்திரையை வரையும் நிரல் செத்துவிட்டது, ஆனாலும் மேசையைத் திறந்துவிடாமல் காத்து நிற்கிறது.

எஃப்3 போய்ப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழையுங்கள். லாகின்சிடிஎல் லிஸ்ட்-செஷன்ஸ் என்று தட்டினால் உங்கள் பெயரில் இரண்டு வரிசையாவது வரும். இப்போது திறந்த எழுத்து முனையம் ஒன்று, மாட்டிக்கொண்ட மேசை மற்றொன்று. ‘சீட்0’ என்ற இருக்கையும் பழைய எண்ணும் உள்ளதுதான் மேசை. அதன் எண் 2 என்றால் லாகின்சிடிஎல் அன்லாக்-செஷன் 2. பிறகு மேசை இருக்கும் முனையத்துக்குத் திரும்பினால் பூட்டு நீங்கியிருக்கும். க்னோமிலும் இதே வழி. உங்கள் கடவுச்சொல் தெரிந்தவர்தான் இதைச் செய்ய முடியும் என்பதால் இது ஓட்டையல்ல. முடிந்ததும் எழுத்து முனையத்தில் எக்சிட் கொடுத்து வெளியேறிவிடுங்கள். அதைத் திறந்தபடி விட்டால் அதுதான் ஓட்டை.

ஸ்வே என்ற மேசையைப் பயன்படுத்துபவர்களுக்கு, அதன் பூட்டு நிரலான ஸ்வேலாக் செத்தால் திரை முழுக்கச் சிவப்பாக நிற்கும். எழுத்து முனையத்திலிருந்து, அந்த மேசையின் வேலண்ட் (சாளரங்களைத் திரையில் காட்டும் ஏற்பாடு) முகவரியைக் கொடுத்து இன்னொரு ஸ்வேலாக்கை ஓட்டினால் அது பொறுப்பேற்றுக் கடவுச்சொல் கேட்கும்.

எஃப்3-யில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்த பிறகும் அப்படியே தொங்குகிறது என்றால் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பதிப்பைச் சந்தேகப்படலாம். 2024இல் வந்த 256ஆம் பதிப்பிலிருந்து, உறங்குமுன் பயனரின் எல்லா நிரல்களையும் உறைய வைத்து, எழுந்ததும் விடுவிக்கிறது. சில டிரைவர்களோடு, குறிப்பாக என்விடியாவோடு, இந்த ஏற்பாடு ஒத்துப்போவதில்லை. சிஸ்டம்டி-சஸ்பெண்ட் சேவைக்குச் சிஸ்டம்சிடிஎல் எடிட் வழியாக, சர்வீஸ் பகுதியின் கீழ், சிஸ்டம்டி_ஸ்லீப்_ஃப்ரீஸ்_யூசர்_செஷன்ஸ்=ஃபால்ஸ் என்ற சூழல் மாறியைச் சேர்த்தால் பழைய நடத்தைக்குத் திரும்பும். மாறியின் பெயர் முழுக்கப் பேரெழுத்து.

சுட்டி மட்டும் அசையவில்லை, விசைப்பலகை வேலை செய்கிறது என்பது சிறிய விஷயம். கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போய், சுடோ மாட்ப்ரோப் -ஆர் பிஎஸ்மவுஸ், பிறகு -ஆர் இல்லாமல் அதே கட்டளை. கைரேகை கேட்டுக்கொண்டு நகராமல் நின்றால் சில நொடி பொறுத்திருங்கள், கடவுச்சொல்லுக்கு மாறிவிடும். தினமும் இப்படி நடந்தால் உபுண்டுவில் சுடோ பாம்-ஆத்-அப்டேட் திறந்து கைரேகைக் குறியை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: பூட்டே வருவதில்லை, அல்லது மேசை ஒரு கணம் தெரிந்துவிட்டுப் பூட்டுகிறது

கறுப்புத்திரைக்குப் பதறுபவர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. எனக்கு எல்லாவற்றிலும் கவலை தருவது இதுதான். உணவங்காடி நிலையத்தில் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் ‘சோப்’ செய்யும், அதாவது பிடித்து வைக்கும், ஊர் இது. மடிக்கணினியையே மேசையில் மூடி வைத்துவிட்டு வரிசையில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். கணினி திருடு போகாமல் இருக்கலாம், திறந்து பார்க்க எத்தனை நொடி ஆகும்?

பூட்டே வரவில்லை என்றால் அமைப்பு அணைந்திருக்கிறது. உபுண்டுவில் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியின் ஸ்கிரீன் லாக் பக்கத்திலும், கேடிஇயில் ஸ்கிரீன் லாக்கிங் பக்கத்திலும், எக்ஸ்எஃப்சிஇயில் பவர் மேனேஜரிலும், உறங்கும்போது பூட்டு என்ற தேர்வு இருக்கும். ஐ3, ஸ்வே போன்ற மேசைகளில் அமைப்புக் கோப்பில் நீங்கள் எழுதி வைத்தால்தான் பூட்டு.

ஒரு கணம் மேசை தெரிகிறது என்றால் அது ஓட்டப்பந்தயம். கணினி உறங்கப் போகிறது என்று சிஸ்டம்டியின் பகுதியான லாகின்டி சொன்னதும் பூட்டு நிரல் ‘கொஞ்சம் பொறு’ என்று கேட்டு, திரையை மறைத்துவிட்டு, சரி என்று சொல்ல வேண்டும். லாகின்டி இயல்பாக 5 நொடிதான் பொறுக்கும். பூட்டு அப்படிக் கேட்கவே இல்லை என்றாலோ, தாமதித்தாலோ, திரை மறைவதற்குள் கணினி உறங்கிவிடும். எழுந்ததும் பழைய படம் தெரியும், அதன் பிறகே பூட்டு. ஸ்வேயில் ஸ்வேஐடிலை -டபிள்யூ சேர்த்தும், அதன் பிஃபோர்-ஸ்லீப் வரியில் ஸ்வேலாக்கை -எஃப் சேர்த்தும் எழுதினால் வரிசை சரியாகும். ஐ3-இல் எக்ஸ்எஸ்எஸ்-லாக்கை --டிரான்ஸ்ஃபர்-ஸ்லீப்-லாக் என்பதோடு ஓட்டி, ஐ3லாக்கை --நோஃபோர்க் என்று கொடுங்கள்.

மேசை இன்னும் பழைய திரை ஏற்பாடான எக்ஸ்11-இல் ஓடுகிறது என்றால் உள்நுழையும் திரையின் பல்சக்கரக் குறியில் வேலண்டுக்கு மாறலாம். எக்ஸ்11-இல் பூட்டு என்பது எல்லாவற்றுக்கும் மேலே விரித்த இன்னொரு சாளரம் மட்டுமே, அது செத்தால் மேசை வெளியே. 2021 ஜனவரியில் லினக்ஸ் மின்டில் இதுவே நடந்தது. குழந்தைகள் விசைப்பலகையிலும் திரை விசைப்பலகையிலும் கண்டபடி தட்ட, பூட்டு செயலிழந்து மேசை திறந்துகொண்டது. தகப்பன் அதைப் பிழையாகப் பதிவு செய்தார். திரை விசைப்பலகையில் கோடு போட்ட ‘ē’ எழுத்தை அழுத்தினால் போதும் என்று பின்னர் கண்டுபிடித்துத் திருத்தினார்கள்.

அறிகுறி: பையிலிருந்து எடுத்தால் சுடுகிறது, மின்கலம் காலி

இது உறங்காத கணினி. வெளித்திரை இணைந்திருக்கும்போது மூடினால் உறங்காமல் இருப்பதே லாகின்டியின் இயல்பான அமைப்பு. மேசையிலிருந்து எழுமுன் மெனுவில் சஸ்பெண்ட் கொடுத்துவிட்டு கேபிளைக் கழற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தீராமல் யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால், ‘திரை வரவில்லை’ என்று மட்டும் சொல்லாமல் ஐந்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்: கணினியின் மாடல், யூநேம் -ஆர் தரும் கெர்னல் எண், மேசை எது, வேலண்டா எக்ஸ்11-ஆ, சஸ்பெண்ட் எக்சிட் வரி இருக்கிறதா. பதிவை ஒட்டும்போது அதில் உங்கள் பெயரும் வைஃபை பெயரும் இருக்கும், அழித்துவிட்டு அனுப்புங்கள்.